தாழ்த்தேற்றம் பற்றி மார்க்கண்டு அண்ணைக்கு ஒரு விளக்கம்

மதிப்புக்குரிய மார்க்கண்டு அண்ணை அவர்களுக்கு,

நல்லூரிலிருந்து சபாநாதன் மாஸ்ரர் வணக்கத்துடன் எழுதுவது. அளவெட்டியில் உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் கந்தனை வேண்டுகிறேன். எங்கள் சுகம், கடந்த ஞாயிறு உங்கள் வான் வண்டி எங்கள் ஒழுங்கையால் திரும்பிப் போனதோடு போய்விட்டது.

அண்ணை, அன்று நீங்கள் வந்தது என் மகள் கோபிகாவுக்கும் உங்கள் மகன் கீர்த்திகனுக்கும் கலியாணப் பதிவு எழுத்துக்கு நாள் வைக்க. கண்டியில் ஒருவரையொருவர் விரும்பிய பிள்ளைகள். தேநீர் குடித்து ஒரு திகதியைச் சொல்வது மட்டுமே எங்கள் வேலை. கெடுத்தவன் நான். பிள்ளை பல்கலைக்கழகத்தில் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று உங்கள் அக்கா நல்லம்மா கேட்டார். வேறு தகப்பனென்றால் செடிகொடியைப் பற்றி என்று சொல்லி வடைத் தட்டை நீட்டியிருப்பான். நான் முப்பத்துநான்கு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். தாவர உயிர்க்கலத்துக்குள் எந்தப் புரதம் எதனோடு சோடி சேருகிறது என்று பார்க்கிறாள் என்றேன். “அப்ப புரோக்கர் வேலை எண்டு சொல்லுங்கோவன்” என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம். அந்த இடத்தில் பாடம் முடிந்து மணி அடித்திருக்க வேண்டும்.

அடிக்கவில்லை. அந்தச் சோடிகளைச் சேர்ப்பதும் பிரிப்பதும் தாழ்த்தேற்றம் என்றேன். எலத்திரன் என்ற மின்துகளைக் கொடுத்த பொருளுக்கு ஒட்சியேற்றம், வாங்கியதற்குத் தாழ்த்தல். பெயர் நான் வைத்ததல்ல, பாடப்புத்தகத்தில் உள்ளது. உங்கள் முகத்தில் விளங்காத குறி தெரிந்ததால் கைக்கெட்டிய உதாரணத்தை எடுத்தேன். “இப்ப பாருங்கோ, நாங்கள் பொம்பிளை குடுக்கிற பகுதி, நீங்கள் வாங்கிற பகுதி. குடுக்கிறவை ஏறுவினம், வாங்கிறவை தாழ்வினம்.” நீங்கள் தேநீரைக் கீழே வைத்தீர்கள். “மாஸ்ரர், வீட்டை கூப்பிட்டு எங்களைத் தாழ்த்திறியளோ?” என்று கேட்டீர்கள். ‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும். நான், “ஓம், ஆனா எலத்திரன் கணக்கிலை மட்டும்” என்றேன்.

அதைச் சரிக்கட்ட ஐதரசன் பேரொட்சைட்டுக்குப் போனேன். அது கலத்துக்கு நஞ்சு. ஆனால் கொஞ்சமாக இருந்தால் அதுவே செய்தி, ஆபத்து வருகிறது, ஆயத்தமாகு என்று இலைக்கு இலை சொல்லும். நல்லம்மா அக்கா கொண்டு திரிகிற கதைகள் மாதிரி, அளவோடென்றால் ஊர் உசாராகும், கூடினால் குடும்பம் கருகும் என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன் அண்ணை. அக்கா குடையை எடுத்தார். நான் வெண்கட்டியோடு வானுக்குப் பின்னால் ஓடி வந்தது படம் கீறி விளக்க; எறிய அல்ல. கதவில் விழுந்த கோடு ஈரத்துணியால் துடைத்தால் போகும்.

அண்டு துவக்கம் என்ரை மனிசி குணலட்சுமி என்னோடை கதைக்கிறேல்லை. சோத்துக் கோப்பையை வைச்சிட்டு, “உவருக்கு வாய் ஒண்டு, அதுக்கு உதாரணம் வேறை” எண்டு பூனையிட்டைச் சொல்லுறா. பிள்ளைக்குப் போனிலை எல்லாம் சொன்னன். அழும் எண்டு பார்த்தன். “சரி அப்பா” எண்டு மட்டும் சொல்லி வைச்சிட்டுது. அதுக்குப் பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத இருந்தன்.

அண்ணை, உங்கடை தோட்டத்து மிளகாயையே எடுங்கோ. தண்ணியில்லாமல் வெயில் காயேக்கை, புரதத்துக்குள்ளை தனித்தனியாய் நிண்ட ரெண்டு கந்தகம் கையைக் கோத்துக்கொள்ளும். நெருக்கினா நெருக்கினபடி சேரும். பிரிக்கவும் வேறை புரதம் இருக்கு, அந்த வேலையை நாங்கள் செய்ய வேண்டாம். வாற வெள்ளி அளவெட்டிக்கு வாறன். உங்கடை வாசலிலை நிண்டு, உதாரணம் ஒண்டும் இல்லாமல் மன்னிப்புக் கேக்கிறன். எழுத்துக்கு ஒரு நாள் சொல்லுங்கோ.

நல்லம்மா அக்காவுக்கு என் தாழ்மையான வணக்கம். இந்தத் தாழ்மை இரசாயனம் அல்ல.

இப்படிக்கு,
நிம்மதியிழந்த
வி. சபாநாதன்
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்

பி.கு.: முத்திரை ஒட்டும்போது கோபிகா போன் எடுத்தாள். நாங்கள் பேச்சை முறித்தது தெரிந்து இருவரும் இன்று காலை கண்டியில் எழுத்து எழுதிவிட்டார்களாம். ஆகவே மேலே உள்ளதில் கந்தகத்தைப் பற்றியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள். நேற்றே பஸ் ஏறிப் போய், “உன்ரை கொப்பர் அடுத்த உதாரணம் சொல்ல முதல் எழுதி முடியுங்கோ” என்று நின்று, சாட்சிக் கையெழுத்தும் வைத்தவர் உங்கள் நல்லம்மா அக்காதானாம்.