உபயம்: ஒரு மூட்டை பாலிமர்

ஒரு காட்டில் சிங்கம் முதல் சுண்டெலி வரை எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டது பிறகு எங்கே போகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. அது கழிவுநீர் நிலையத்துக்குப் போனது. தண்ணீரைத் தெளியவைத்து ஆற்றில் விட்டபின், அடியில் தங்கிய கசடு ஒரு பெரிய தொட்டியில் கூழாகக் கிடந்தது. நிலையத்தைப் பார்த்துக்கொண்ட காட்டுப்பன்றி கொம்பையாவின் குடிசை, அந்தத் தொட்டியின் மண்கரைக்கு நேர் கீழே இருந்தது.

கசட்டைப் பிழிந்து உலர்த்தி அள்ளினால் தொட்டி காலியாகும். பிழிகிற இயந்திரமோ, உள்ளே போன கூழைத் துணி வழியாக அப்படியே வெளியே துப்பியது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"என்னங்க, கரை உடைஞ்சா புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு எங்க ஓடுறது?" என்றாள் மனைவி.

கொம்பையா, கசட்டைத் திரியவைக்கும் பாலிமர் பொடியில் மாதிரிக்குக் கொஞ்சம் வரவழைத்தான். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, குடுவையில் இருந்த கசட்டில் விட்டுக் கலக்கினான். எலுமிச்சை பிழிந்த பால்போல அது திரிந்து, தண்ணீர் தனியே தெளிந்து நின்றது. அவன் வால் சந்தோஷத்தில் நிற்கவில்லை. இன்னொரு குடுவையில் ஒரு கை நிறையப் போட்டுப் பார்த்தான். அது கோந்தாகிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டது. ஆக, முழுத் தொட்டிக்கும் ஒரு மூட்டைதான் அளவு.

"ஒரே ஒரு மூட்டை போதுங்கய்யா" என்று அமைச்சர் நரியாரிடம் போய் நின்றான்.

"தாராளமா. என் உபயம்னு பலகை வெச்சிடு. ராஜாவைத் திறக்கச் சொல்லிடலாம்."

அந்தக் காட்டில் அது வழக்கம். டியூப் லைட் கொடுத்தாலும் பெயர் எழுதித்தான் கொடுப்பார்கள். எழுத்து போக மிச்சம் இருந்தால் வெளிச்சம் வரும்.

பலகை ஏறிய செய்தி பரவியதும் கரடியார் ஒரு மூட்டையோடு வந்துவிட்டார்.

"வேணாங்கய்யா, மிஞ்சினா கோந்தாயிடும்."

"நரி போட்டா மருந்து, நான் போட்டா கோந்தா? யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா?"

பின்னாலேயே குரங்குகள் வந்தன. அவற்றுக்குள் இரண்டு கோஷ்டி, அதனால் இரண்டு மூட்டை. "எங்க ஆளுங்க மட்டும் இளிச்சவாயங்களா?" என்று மான்களும் முயல்களும் வரிசைகட்டின. ஒவ்வொரு மூட்டையையும் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டியிருந்ததால், தண்ணீரை இறக்கவேண்டிய தொட்டியில் தண்ணீர் விளிம்புவரை ஏறியது. கொம்பையாவுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று. ஊதுகிற சங்கை ஊதியாயிற்று.

சாயங்காலம் பலகையைப் பார்த்தான். எல்லார் பெயரும் இருந்தது, ராப்பகலாக உழைத்தவன் பெயரைத் தவிர. கடைசியில் ஒரு வரி காலியாக இருந்தது. அவனுக்கு வயிறு எரிந்தது. பொடி விற்கிற கிடங்குக்குப் போய்க் கடனுக்கு ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"நீங்கதான போதும் போதும்னு கத்துனீங்க?" மனைவி மறித்தாள்.

"ஊரே போட்டிருக்கு. நம்ம பேரு மட்டும் இல்லன்னா நாளைக்கு நம்ம புள்ளைங்கள எவன் மதிப்பான்?"

கரைத்து ஊற்றிவிட்டான்.

மறுநாள் மழையில் குடை பிடித்தபடி ராஜா பொத்தானை அமுக்கினார். இயந்திரம் கோந்தைக் கடித்து, இருமி, நின்றது. பின்பக்கம் கரை உடைந்தது. மனைவி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பாறைமேல் ஏறுவதற்கும், குடிசை கோந்துக்குள் மூழ்குவதற்கும் சரியாக இருந்தது.

ராஜா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "அடடே, ஒரு பொட்டுக் கசடு இல்லையே!"

கைதட்டல் மழைச்சத்தத்தை அமுக்கியது. முழங்கால்வரை கோந்தில் நின்ற கொம்பையாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பாறைமேல் பிள்ளைகள் அழுதன. அவன் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் பெயரை மட்டும் இவ்வளவு சின்ன எழுத்தில் எழுதிவிட்டார்களே என்று அவனுக்குத் துக்கம் தாங்கவில்லை.

நீதி: அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. ஆனால் பலகையில் இடம் இருக்கும்வரை எதுவும் அளவுக்கு மிஞ்சுவதில்லை.