பரிமாற்றச் சந்தைக்குப் போன தாலிக்கொடி

குழந்தை வளர்ப்பைப் பற்றி அதிகம் படிக்கிற தாயை நம்பவே கூடாது. இதை நான் பொதுவாகச் சொல்லவில்லை. என்னைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், என் மகள் இனியாவுக்கு ஆறு வயது. கோடை விடுமுறை விட்ட அன்றே அவளுடைய வகுப்புத் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டி தொடங்கிவிட்டது. ஒருத்தி மகன் ரோபோ செய்கிறானாம். இன்னொருத்தி மகளுக்குக் காலையில் நீச்சல், மதியம் அபாகஸ், சாயங்காலம் குதிரை. (எங்கள் தெருவில் ஒரு குதிரை நின்றால் பால் வண்டி திரும்ப முடியாது.) என் கணவர் செந்தில் பம்ப்செட் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறார். "அடிக்கற வெயிலுக்குச் சும்மா ஊட்டுல இருக்கட்டுமே" என்றார். சும்மா இருக்கும் குழந்தையின் மூளைக்கு என்னவெல்லாம் ஆகும் என்று நான் அதற்குள் மூன்று கட்டுரைகள் படித்து முடித்திருந்தேன்.

ஆகவே ஒரு நோட்டை எடுத்து, கோயமுத்தூரில் காசில்லாமல் குழந்தையோடு என்னென்ன செய்யலாம் என்று பட்டியல் போட்டேன். குளக்கரையில் பறவை பார்க்கப் போனோம். பறவைகள் வரவில்லை, கொசுக்கள் வந்திருந்தன. ரேஸ்கோர்ஸில் காலை நடை போனோம். அரைச் சுற்றில் இனியா உட்கார்ந்துவிட, மீதி அரைச் சுற்றுக்கு அவளைச் சுமந்துகொண்டு நான் நடந்தேன். நூலகத்தில் கதை நேரம் என்றார்கள். கதை சொல்ல வேண்டியவர் வராததால், புத்தகத்தை எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்று நூலகர் முக்கால் மணி நேரம் விளக்கினார்.

நான்காவதாகக் கிடைத்தது 'சிறுவர் பரிமாற்றச் சந்தை'. வடவள்ளிப் பக்கம் ஒரு பூங்காவில், ஞாயிறு காலை, அனுமதி இலவசம். வீட்டில் யாரும் பயன்படுத்தாத ஒரு பொருளைக் குழந்தை கொண்டுபோக வேண்டும். இன்னொரு குழந்தையிடம் இருப்பதோடு அதை மாற்றிக்கொள்ளலாம். 'பெற்றோர் தலையிடாதீர்கள், குழந்தையே முடிவெடுக்கட்டும்' என்று நோட்டீஸின் அடியில் போட்டிருந்தது. அந்த வரியைப் படித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் படித்த கட்டுரைகள் எல்லாம் அதையேதான் சொல்லியிருந்தன.

சனிக்கிழமை மாலை இனியாவின் கையில் ஒரு காகிதப் பையைக் கொடுத்தேன்.

"கண்ணு, நம்ம வீட்ல யாருமே யூஸ் பண்ணாத பொருள் ஒண்ணை நீயே தேடி எடுத்துக்கோ. அம்மா பார்க்கவே மாட்டேன். சரியா?"

"எதா இருந்தாலும் எடுத்துக்கலாமா?"

"எதா இருந்தாலும்."

நான் அடுப்படிக்குப் போய், பார்க்கக் கூடாது என்ற உறுதியோடு சுவரைப் பார்த்து நின்றேன். அவள் பையின் வாயை மடித்து ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டு வந்தாள். திறந்து பார்க்கத் துடித்த கையை அடக்கிக்கொண்டேன். நல்ல தாய் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று என்னையே நான் பாராட்டிக்கொண்டது வேறு விஷயம்.

ஞாயிறு காலை செந்திலுக்குக் கம்பெனியில் அவசர வேலை. நாங்கள் இருவரும் மட்டும் போனோம். பூங்காப் புல்தரையில் பாய் விரித்து, குழந்தைகள் பொம்மையும் புத்தகமும் பரப்பியிருந்தார்கள். பெற்றோருக்கு வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி. அரை மணி நேரத்தில் இனியா ஓடி வந்தாள். இடுப்பைச் சுற்றி ஆட்டுகிற பெரிய பிளாஸ்டிக் வளையம் ஒன்று அவள் தோளில் கிடந்தது. இளஞ்சிவப்பு நிறம், சுழற்றினால் குலுங்க உள்ளே மணிகள் வேறு.

"அட! எதைக் குடுத்து இதை வாங்கின?"

"சொல்ல மாட்டேன். நீதான பார்க்க மாட்டேன்னு சொன்ன?"

நான் சிரித்தேன். வளையத்தோடு அவளை நிற்க வைத்துப் படம் எடுத்து, 'என் மகளின் முதல் வியாபாரம்! முழுக்க முழுக்க அவள் முடிவு' என்று எழுதி, தாய்மார்கள் குழுவில் போட்டேன். ரோபோக்காரி உடனே கைதட்டல் படம் அனுப்பினாள். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் உட்கார்ந்திருந்தது அந்த இருபது நிமிடங்கள்தான்.

பிறகு போன் அடித்தது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து மாமனார். தோட்டத்தில் தண்ணீர் கட்டும் நேரத்தில் அவர் யாரையும் அழைக்க மாட்டார்.

"அம்மணி, எங்கம்மா இருக்கற?"

"பார்க்குலங்க மாமா. பாப்பாவக் கூட்டிட்டு வந்தேனுங்க."



"உன்ற தாலிக்கொடி எங்கிருக்குது?"

இப்படி ஒரு கேள்வியை எந்த மாமனாரும் எந்த மருமகளிடமும் கேட்டிருக்க மாட்டார். உண்மையில் அந்த வெயில் ஆரம்பித்ததிலிருந்து கழுத்தைச் சுற்றி வேர்க்குரு. கொடி பட்டாலே தீயாக எரிந்தது. கழற்றிப் பெட்டியில் போட்டு, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். வெளியே போகும்போது ஒரு மெல்லிய சங்கிலியைப் போட்டுச் சமாளித்தேன். இதை மாமனாரிடம் எப்படிச் சொல்வது?

"கழுத்துலதானுங்க மாமா" என்றேன்.

"அப்ப என்ற போனுக்கு வந்திருக்கற போட்டோவுல இருக்கறது யாரோடதும்மா? கழுத்தே காணோம், டப்பாவுல கெடக்குது."

அவர் அனுப்பிய படத்தைத் திறந்தேன். சிவப்புப் பெட்டி. அதற்குள் என் தாலிக்கொடி. பெட்டிக்குக் கீழே பச்சைப் புல். அந்தப் புல்லின் மேல்தான் நானும் அந்த நிமிடம் செருப்பை வைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, அது வந்துங்க, நான் கழட்டி வெச்சிருந்தேனுங்க, பாப்பாதான் எடுத்துக் குடுத்துபோட்டா…"

"செரி செரி. கொழந்த மேல பழி போடாத. அழுவாம இரு. நாங்க வாரோம்."

போன் நின்றுவிட்டது. நான் வேலியைத் தாண்டினேன். (பக்கத்திலேயே வாசல் இருந்தது. பிறகுதான் பார்த்தேன்.) ஒரு வேப்ப மரத்தடியில் நாலைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், வளையத்தைக் கொடுத்த சிறுமியின் அம்மா. நாற்பது வயது இருக்கும். என் பெட்டியை முந்தானையால் மூடி மடியில் வைத்திருந்தார்.

"நீங்கதானுங்களா அந்த அம்மணி? உக்காருங்க கண்ணு. மொதல்ல தண்ணி குடிங்க."

"அக்கா, இது தெரியாம நடந்துபோச்சுங்க…"

"ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. புருசன் பொண்டாட்டி சண்டை எல்லாரு ஊட்லயும் இருக்கறதுதான். அதுக்காக, கோவத்துல இதக் கொழந்த கையில குடுத்து உடலாமுங்களா?"

"எனக்குக் கோவமே இல்லீங்கக்கா!"

அவர் பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இன்னும் தணியல பாருங்க."

"மைக்குல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனேங்கக்கா?"

"அதெப்படீங்க! இத்தன பேரு மத்தியில உங்களத் தலை குனிய வெக்கறதுங்களா? மரியாதையா இருக்காதுன்னுதான், யாருக்கும் தெரியாம போன்லயே விசாரிச்சோம்."

யாருக்கும் தெரியாமல் விசாரித்த விதம் இதுதான். பெட்டியின் மூடிக்குள் கோபி ஆசாரியின் பெயர் இருந்திருக்கிறது. இந்த அக்காவின் தங்கையைக் கட்டிக் கொடுத்திருப்பதும் கோபியில்தான். தங்கைக்குப் படம் போனது. தங்கை அதை ஆசாரியிடம் காட்ட, கல்யாணத்துக்கு முன் எங்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து பொன் உருக்கிய அந்த மனிதர், "இது என்ற கை வேலதானுங்க. வாய்க்கால் தோட்டத்துக்காரரு ஊட்டு மருமவளுது" என்று ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். அங்கிருந்து படம் மாமனாரின் போனுக்குப் போனது. மொத்தம் இருபது நிமிடம். மைக்கில் சொல்லியிருந்தால் பூங்காவில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும். மரியாதை பார்த்ததில் கோபியில் இரண்டு தெருவுக்கும் சத்தியமங்கலத்தில் ஒரு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது.

பெட்டியைத் திருப்பித் தந்தார். வளையத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றதும் இனியா பூங்காவே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

"பாவம், கொழந்தைக்கும் தெரிஞ்சிருக்குது" என்றார் ஒருவர்.

"வளையம் அவகிட்டயே இருக்கட்டுமுங்க" என்றார் அந்த அக்கா. "இந்த நேரத்துல அதுக்கு ஒரு ஆறுதல் வேணுமல்லோ."

ஆட்டோவில் ஏறியதும் செந்திலின் போன்.

"என்ன நடந்துச்சு? அப்பா கூப்புட்டு, இந்த வயசுல எனக்கு இப்படி ஒரு பேரு வாங்கிக் குடுத்துட்டயேடான்னு திட்டறாரு. பத்துப் பேரு முன்னால கையில மோட்டாரப் புடிச்சுட்டு நிக்கறேன்."

"ஏனுங்க, நீங்க ஒண்ணும் பண்ணலைன்னு சொல்லியிருக்கலாம்லங்க?"

"சொன்னேன். ஒண்ணும் பண்ணாததுதாண்டா பிரச்சனைன்னு பெரியத்தை தனியா போன் போட்டுச் சொல்றாங்க."

பெரியத்தை மாமனாரின் அக்கா. சத்தியமங்கலத்தில் இருக்கிறார். என் மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டதால், அந்தக் குடும்பத்தில் கோபப்படும் பொறுப்பு முழுவதும் பெரியத்தையிடம் இருக்கிறது.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வாசலில் கார் நின்றது. மாமனார், பெரியத்தை, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், ஒரு வாழைத்தார். (சண்டையைத் தீர்க்கப் போனாலும் எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு போக மாட்டார்கள்.) நான் கொடியை வேர்க்குருவின் மேலேயே போட்டுக்கொண்டு, எரிச்சலில் பல்லைக் கடித்தபடி காப்பி கொடுத்தேன். மூன்று பேரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து முதலில் என் கழுத்தைப் பார்த்தார்கள். பிறகு கால் மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். இந்தப் பக்கம் மழை உண்டுங்களா என்று பெரியவர் கேட்டார். இல்லீங்க என்றேன். வாய்க்காலில் தண்ணீர் விட்டதைப் பற்றிப் பேசினார்கள். செந்தில் வந்து சேர்ந்தார். அவருடைய வேலையைப் பற்றியும் மரியாதையாக விசாரித்தார்கள்.

பிறகு மாமனார் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"செந்திலு, நீ எந்திரிச்சு அக்கட்டால நில்லு."

செந்தில் எழுந்து அந்தப் பக்கம் போய் நின்றார். என்ன குற்றம் என்று தெரியாமல், ஆனால் ஏதோ செய்திருப்போம் என்கிற முகத்தோடு.

"அம்மணி, நீ உக்காரு. நா ஒண்ணும் கேக்கப் போறதில்ல. ஞாயம் உன்ற பக்கந்தான் இருக்கும், அது எனக்குத் தெரியும். இவன் என்ன பண்ணுனான்னு மட்டும் சொல்லு. உனக்கு இந்த ஊட்டுல ஒரு கொறைன்னா, அது என்ற கொறை."

வழி முழுக்க நான் திட்டு வாங்கத் தயாராகி வந்திருந்தேன். தாலியைத் தொலைத்த மருமகள், மாமனாரிடம் பொய் சொன்னவள் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி, பதிலும் யோசித்து வைத்திருந்தேன். என் பக்கமே ஒருவர் நிற்பார் என்று யோசிக்கவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லாததால் அழுதுவிட்டேன். சின்ன அழுகை இல்லை. மூக்கை உறிஞ்சி, தேம்பி, வாயே திறக்க முடியாத அழுகை.

"பாருங்க, பாருங்க!" பெரியத்தை எழுந்துவிட்டார். "எத்தன நாளா நெஞ்சுல அடக்கி வெச்சிருந்தாளோ! ஏண்டா, குடிக்கறயாடா?"

"ஐயோ அத்தை, இல்லீங்க!"

"அப்ப வேற என்னடா?"

நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அதை அவர்கள், 'அதைச் சொல்ல வேண்டாம்' என்று நான் கணவரைக் காப்பாற்றுவதாக எடுத்துக்கொண்டார்கள். பெரியவர் கண்ணைத் துடைத்தார். செந்தில் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அப்போது இனியா மணிச் சத்தத்தோடு வளையத்தை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அப்பாரு, இது நான் வாங்குனது" என்று தாத்தாவிடம் காட்டினாள்.

மாமனார் அவளை மடியில் உட்கார வைத்தார். "எதைக் குடுத்து வாங்குன சாமி?"

"அம்மாவோட செயின். யாரும் யூஸ் பண்ணாத பொருள்தான் கொண்டு போகணும். அம்மாவுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அதைப் போடறதே இல்ல. பெட்டியிலயே சும்மா இருந்துச்சு. எதா இருந்தாலும் எடுத்துக்கோன்னு அம்மாதான் சொன்னா."

மூன்று பேரும் மறுபடியும் என் கழுத்தைப் பார்த்தார்கள்.

"கொழந்த கொண்டுபோனது சட்டப்படி செரிதானுங்க" என்றார் பெரியவர்.

நான் கொடியைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினேன். பொரிந்து சிவந்து, அன்றைய ஓட்டத்தில் இன்னும் மோசமாகியிருந்தது. மாமனார் ஒரு நிமிடம் பார்த்தார்.

"மொதல்ல அதக் கழட்டி வெய்யம்மா" என்றார். "நுங்கு வாங்கித் தடவோணும். இத போன்லயே சொல்லியிருந்தா நா இத்தன தூரம் வந்திருப்பனா?"

"சொல்ல வந்தேனுங்க மாமா. நீங்க வெச்சுட்டீங்க."

அவர் சிரித்துவிட்டார். பெரியவரும் சிரித்தார். செந்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். பெரியத்தை மட்டும் சிரிக்கவில்லை. கிளம்பும்போது என்னைத் தனியாக அழைத்து என் கன்னத்தைத் தடவினார்.

"வேர்க்குருன்னு சொல்லி மூடி மறைச்சுபோட்டயே கண்ணு. கொழந்தைக்கும் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கற. பொண்ணுன்னா இப்படியல்லோ இருக்கோணும்."

நான் மறுத்தேன். மறுக்க மறுக்க அவர் கண் கலங்கியது.

அன்றிலிருந்து சத்தியமங்கலத்திலிருந்து ஈரோடு வரைக்கும் உள்ள எங்கள் ஒறம்பரையில், அதாவது உறவுக்காரர்கள் மத்தியில், நான் பொறுமையில் பூமாதேவி. செந்தில் ஒரு காலத்தில் எப்படியோ இருந்து திருந்தியவர். எப்படி இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அவரவர் வசதிக்கு ஒன்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது அவர் தோளில் கை போட்டு, "இப்ப எப்படி சாமி, நல்லா இருக்கறயா?" என்று ஒரு மாதிரியாகக் கேட்பார்கள். முதல் வருடம் அவர் பூங்கா, பெட்டி, வளையம் என்று ஆரம்பத்திலிருந்து விளக்கிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை.

போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பெரியத்தை புது மாப்பிள்ளையை எங்கள் இலைக்கு முன்னால் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். "இவனப் பாத்துக்கோ கண்ணு. தாலியக் கழட்டற வரைக்கும் போனவன். இன்னைக்குத் தங்கமா மாறிட்டான். இல்லீடா செந்திலு?"

செந்தில் சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றார். "ஆமாங்கத்தை. திருந்திட்டேனுங்க."

மாப்பிள்ளை அவரை மரியாதையோடு கும்பிட்டுவிட்டுப் போனான். செந்தில் உட்கார்ந்து, என் பக்கம் குனிந்து, "நீயாவது ஒரு வார்த்தை சொல்லலாமல்லோ?" என்றார்.

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அப்போதுதான் என் இலையில் இரண்டாவது தடவையாகப் பாயசம் ஊற்றினார்கள்.