என் வாயை மூடிய ஸ்க்ரூ

ஸ்க்ரூ விஷயத்தில் மைசூரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை (பெருமைக்காகத்தான்). மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கொள்ளேகால் பக்கத்துத் தமிழ் ஊரான மார்டள்ளியிலிருந்து மாற்றுச் சட்டைகூட இல்லாமல் பஸ் ஏறி வந்தவன் நான். முப்பது வயதில் சொந்த லேத் பட்டறை வைத்தேன். மரை சரியாக விழுந்திருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவன் கடுகத்தனை ஸ்க்ரூ ஒன்றிடம் தோற்றேன். அதுவும் என் சொந்த வாய்க்குள்ளே.

இப்போது என் மகள் மஞ்சு பல்லுக்குக் கண்ணாடி மாதிரி உறை போட்டிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் தெரியாது. பதினைந்து நாளைக்கு ஒரு புது உறை. சாப்பிடும்போது கழற்றி ஒரு சின்ன டப்பாவில் வைத்துவிடுகிறாள். அந்தக் கோணல் பல் என் வழியில் அவளுக்குப் போன சொத்து. தொண்ணூறுகளில் எனக்குக் கிடைத்தது உறை இல்லை, பிளேட்.

மஞ்சுவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க நாங்கள் விரும்பிய பள்ளிக்கூடத்தில் சீட் கிடைப்பது குதிரைக்கொம்பு. அங்கே பிள்ளையைவிடப் பெற்றவர்களைத்தான் அதிகம் கேள்வி கேட்பார்கள் என்று பட்டறைக்கு வரும் எல்லோரும் பயமுறுத்தினார்கள். விண்ணப்பத்தில் ஒட்ட நானும் என் மனைவி சரசுவும் ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தோம். பார்த்தால், என் மேல்வரிசைப் பல் ஒன்று, கூட்டமான பஸ்ஸில் படியில் தொங்குகிறவனைப் போல வெளியே நின்றது. இந்தப் பல்லைப் பார்த்ததும் படிக்காதவன் என்று எழுதிவிடுவார்கள், என்னால் பிள்ளையின் படிப்பு போய்விடும் என்று முடிவு கட்டிவிட்டேன். நேர்காணலுக்கு மூன்று மாதம் இருந்தது.

பல் டாக்டரம்மா ரயில்வே குடும்பத்துத் தமிழ்ப் பெண். என் மேல்வாயை அச்செடுத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் ஒரு பிளேட் செய்து தந்தார். ஓரங்களில் பல்லைப் பிடிக்கக் கம்பிக் கொக்கி, நடுவே குறுக்காக ஒரு ஸ்க்ரூ, அதன் துளையில் விட்டுத் தள்ளித் திருப்ப ஊசி மாதிரி ஒரு சாவி. பிளேட் அகல அகலப் பல்லுக்கு இடம் கிடைக்கும், அது உள்ளே வரும். வாரத்துக்கு ஒரே ஒரு தள்ளு, ஒன்றரை வருஷத்தில் சரியாகிவிடும் என்றார்.

நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். லாரியையே ஜாக்கி போட்டுத் தூக்குகிறவனிடம் ஒன்றரை வருஷமாம்.

இரண்டு நாளைக்கு ஒரு தள்ளு என்று ஆரம்பித்து, பிறகு தினமும் ஒன்றாக்கினேன். சரசு பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, வாரத்துக்கு ஒருக்காத்தானே திருப்பச் சொன்னாங்க?"

"அது டாக்டரம்மா கணக்கு. இரும்பையே நவுத்தறவனுக்கு எலும்பு எம்மாத்திரம்?"

"இரும்புக்கு வலிக்காதுங்க," என்றாள்.

வலித்தது. இட்லியைக்கூட காப்பியில் ஊறவைத்து விழுங்கினேன். சாப்பிடும்போது பிளேட்டைக் கழற்றி பேரிங் வரும் டப்பாவில் வைப்பேன். ஒருநாள் வேலைப் பையன்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, பட்டறை வெர்னியரால் என் பல்லிடுக்கையே அளந்தேன் (கிரீஸ் ருசி இரண்டு நாள் போகவில்லை). பிளேட் போட்டால் நாக்கு சொன்னபடி கேட்காது. ஆனாலும் பயிற்சியை விடவில்லை. நான் வெறுங்கையோடு வந்து முதலாளியான வரலாற்றை இருபது நிமிஷத்தில் சொல்லும்படி தயார் செய்தேன். நடுவே மூன்று ஆங்கில வாக்கியங்களும் வைத்திருந்தேன். சரசுவிடம் கண்டிப்பாகச் சொன்னேன், "நீ வாயத் தெறக்காதே. எல்லாம் நான் பாத்துக்கறேன்."

அவள் தலையை ஆட்டினாள்.

நேர்காணல் அன்று காலை கண்ணாடி முன்னால் நின்றேன். பல் இன்னும் ஒரு நூல் வெளியே இருந்தது. பிளேட்டை வாயிலேயே வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்காமல் கைப்பழக்கத்திலேயே சாவியால் மூன்று தள்ளு தள்ளினேன். மண்டைக்குள் 'மொளுக்' என்றது. பிளேட் அப்படியே இறுகிவிட்டது. கழற்றப் பார்த்தேன், அசையவில்லை. சரி, வந்த வழியே திருப்பினால் தளரப்போகிறது. கண்ணாடியைப் பார்த்து எதிர்ப்பக்கம் தள்ளினேன். இன்னும் இறுகியது. இன்னும் தள்ளினேன். மேல்வாய் இரண்டாகப் பிளந்துவிடும் போல இருந்தது. கண்ணில் தண்ணீர், வாயில் அதைவிட அதிகம்.

சரசு வந்து பார்த்தாள். மடித்த துண்டு ஒன்றை என் கையில் கொடுத்து, "நேரமாச்சுங்க," என்றாள்.

தலைமையாசிரியை நரைத்த கொண்டையும் கண்ணாடியுமாக இருந்தார். எங்கள் மூவரையும் கன்னடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு நேராக என்னைப் பார்த்தார். உங்கள் மகளை ஏன் இங்கே சேர்க்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். மூன்று மாதமாக நான் காத்திருந்த கேள்வி. வாயைத் திறந்தேன். 'ழ்ழ்ழ' என்று ஒரு சத்தமும், அதன் பின்னாலேயே ஒரு நூல் எச்சிலும் வந்தது. துண்டால் பொத்திக்கொண்டேன். சீட் போயிற்று என்று தெரிந்துவிட்டது. மஞ்சுவின் ரிப்பன் கட்டிய தலையைப் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை.

அப்போது சரசு பேச ஆரம்பித்தாள். சுத்தமான கன்னடம். இவருக்கு இன்று பல் தொந்தரவு, பேச முடியாது, நீங்கள் என்னைக் கேளுங்கள் என்றாள். வீட்டில் யார் பாடம் சொல்லித் தருவீர்கள் என்று கேட்டார். "நான்தான். கொள்ளேகாலில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். கணக்கில் எங்கள் பள்ளியிலேயே நான்தான் முதல்," என்றாள்.

கல்யாணமாகி ஏழு வருஷம். இது எனக்கே புதுச் செய்தி. (நான் கேட்டதில்லை. கேட்க எனக்கு எங்கே நேரம், நான்தான் பேசிக்கொண்டே இருந்தேனே.)

மேலும் படிக்க ஆசை இருந்தது, வீட்டில் அனுப்பவில்லை, அதனால்தான் மகளை நல்ல இடத்தில் சேர்க்க வந்தேன் என்று முடித்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு மஞ்சுவைக் கூப்பிட்டு, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார்.

மஞ்சு யோசித்துவிட்டு, "வாயில் ஸ்க்ரூ திருப்புகிறார்," என்று கன்னடத்தில் சொன்னாள்.

அந்த அம்மா சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். எழுந்தபோது என்னிடம் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இங்கே வருகிற அப்பாக்கள் எல்லோரும் தங்களைப் பற்றியே பேசுவார்கள், மனைவியைப் பேசவிட்டு அமைதியாக இருக்கிற ஒருவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார்.

நான் துண்டுக்குப் பின்னால் அடக்கத்தோடு தலையசைத்தேன். வேறு என்ன செய்வது?

அங்கிருந்து நேராகப் பல் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் சாவியை நுழைத்து நாலு தள்ளுத் தள்ளினார். பிளேட் பழுத்த பழம் மாதிரி கையில் விழுந்தது. கண்ணாடியில் பார்த்துத் திருப்பினீர்களா என்று கேட்டார். அதில் முன்பக்கம் பின்பக்கமாகத் தெரியும், நீங்கள் கழற்றுவதாக நினைத்து இறுக்கியிருக்கிறீர்கள் என்று விளக்கிவிட்டு, "சார், நீங்க என்ன வேலை பண்றீங்க?" என்றார்.

என் வாய் இப்போது சுதந்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் துண்டை எடுத்து மறுபடி பொத்திக்கொண்டேன்.

"ஸ்க்ரூ செய்யறதுதானுங்க இவருக்குத் தொழிலே," என்றாள் சரசு.

நான் தொடர்ந்து பிளேட் போடவில்லை. வெளியே நின்ற பல் பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டது. ஆனால் அன்றிலிருந்து பேங்க், ஆஸ்பத்திரி, சம்பந்தி வீடு என்று எங்கே கிளம்பினாலும் சரசு வாசலில் நின்று, "ஏனுங்க, பிளேட்டைப் போட்டுக்கங்க," என்பாள். வாயை மூடிக்கொண்டு வரவேண்டும் என்று அர்த்தம். மருமகன்கூட இப்போது சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

போன மாதம் மஞ்சுவோடு அவளுடைய பல் டாக்டரிடம் போயிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் என் ஊரைக் கேட்டார். மார்டள்ளியில் மாற்றுச் சட்டைகூட இல்லாமல் பஸ் ஏறினேன் பாருங்கள் என்று ஆரம்பித்தேன். பஸ் இன்னும் கொள்ளேகாலைத் தாண்டவில்லை, மஞ்சு தன் உறை டப்பாவைத் திறந்து என் முன்னால் நீட்டினாள்.

"அப்பா, இதைப் போட்டுக்கறீங்களா?"

அது என் வாய்க்குப் பொருந்தாது. இருந்தாலும் மூடிக்கொண்டேன்.