மாமனாரை வெளியே நிறுத்திய சர்வர்

அரைகுறையாகத் தெரிந்த வேலையில்தான் மனுஷருக்கு உற்சாகம் பொங்கி வழியும். முழுசாகத் தெரிந்தவர்கள் நிதானமாக இருப்பார்கள். அன்றைக்கு நான் நிதானமாக இல்லை.

கல்யாணமாகிப் போடிக்கு வந்த புதுசு. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். (அத்தை கணக்கில் அது நாள் பூராவும் டிவி பார்ப்பது.) நாத்தனார் பிள்ளைக்குப் பேர் வைக்கிற விசேஷம் வந்தது. தாத்தாவே பேர் சொல்லட்டும் என்று சம்பந்தி வீட்டார் விட்டுக்கொடுத்திருந்தார்கள். என்ன பேர் என்று மாமா யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் முந்தின நாள் மழையில் போடிமெட்டுப் பாதையில் பாறை உருண்டு, ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போன மாமா மலையிலேயே மாட்டிக்கொண்டார்.

போனில் வீடியோ போட்டால் போதாதா என்றார் என் வீட்டுக்காரர். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நம் வீட்டுப் பிள்ளை முகம் எவன் கம்ப்யூட்டர் வழியாகவோ போவதாவது! பழைய லேப்டாப் ஒன்றை நான் வீட்டு சர்வராக்கி பீரோ மேல் வைத்திருந்தேன். பாஸ்வேர்டு இருந்தால் வெளியே இருந்தும் வீட்டுக் கேமராவைப் பார்க்கலாம், பேசலாம். இன்னும் பத்திரமாக இருக்கட்டுமே என்று, தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்து எவன் வந்தாலும் திறக்காதே என்று உத்தரவும் போட்டிருந்தேன். தேனி பஸ் ஸ்டாண்டில் நின்று சோதித்தேன். குரங்கணி வரை போய்ச் சோதித்தேன். ஜம்மென்று திறந்தது.

மாமாவின் பட்டன் போனுக்கு மலையில் சிக்னல் கிடையாது. கிடைத்தவர் போனை வாங்கித்தான் பேசுவார். அப்படி அவர் கூப்பிட்டபோது பாஸ்வேர்டைச் சொல்லி, நல்ல நேரத்தில் உள்ளே வந்து பேரைச் சொல்லுங்கள், ஹால் முழுக்கக் கேட்கும் என்று பெருமையடித்தேன்.

நல்ல நேரம் பிறந்தது. என் லேப்டாப்பில் சிவப்பு எழுத்து. கேரளாவில் இருந்து யாரோ நுழையப் பார்க்கிறான்! எனக்குப் புல்லரித்துவிட்டது. (படித்த படிப்புக்கு இன்றைக்குத்தான் சோலி வந்திருக்கிறது!) உற்றுப் பார்த்தால், பாஸ்வேர்டைக்கூடச் சரியாகப் போட்டிருக்கிறான். மாமாவின் பாஸ்வேர்டை எவனோ திருடிவிட்டான் என்று அறிவித்தேன். சர்வர் அவனை ஏற்கெனவே வெளியேதான் நிறுத்தியிருந்தது. எனக்கு அது போதவில்லை. அந்தப் போனையே தடை செய்தேன். உடனே வேறொரு போன். தடை. இன்னொன்று. தடை. கூட்டமாக வருகிறார்கள் என்று நான் கத்த, விசேஷத்துக்கு வந்தவர்கள் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

"விடாத தாயி," என்று சம்பந்தி உசுப்பேற்றினார்.

நடுவில் அத்தையின் போன் அடித்தது. புது நம்பர். "எடுக்காதீங்க அத்தை, அவனுகதான்," என்றேன். மாமாவாக இருக்குமோ என்றார் அத்தை. மாமாதான் கேமராவிலேயே பார்த்துக்கொண்டிருப்பாரே, எதற்குக் கூப்பிடுகிறார் என்று அடக்கிவிட்டு, சர்வரின் இன்டர்நெட் ஒயரையே பிடுங்கினேன். கைதட்டல்கூடக் கிடைத்தது.

நல்ல நேரம் முடியப்போகிற வேளை. அப்பா சத்தத்தையே காணோமே என்று நாத்தனார் கண் கலங்கினாள். போன் மறுபடி அடித்தது. அத்தை என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏய், உன் மருமக என்னைய உள்ள விட மாட்டேங்குறாடி," என்றார் மாமா. "தோட்டத்துல இருக்கிற போனையெல்லாம் வாங்கிப் போட்டுப் பாத்துட்டேன்."

மாமாவின் தோட்டம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளாவில் இருக்கிறது. அது எனக்குத் தெரியாதா? பெண் பார்க்க வந்த அன்றே தெரியும். அங்கே டவரும் கேரளா டவராகத்தான் இருக்கும் என்பதுதான் மண்டையில் ஏறவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அத்தை போனைப் பிள்ளையின் காதுப்பக்கம் பிடித்தார். "மலர்விழி," என்று மாமா மூன்று தரம் சொன்னார். முதல் குலவை எங்கள் ஹாலில் எழவில்லை. ஏலக்காய் எடுக்க வந்த பெண்கள் மலை மேலிருந்து போட்டது, போன் வழியாக வந்தது. நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றபோதும், நானும் கூடச் சேர்ந்து குலவை போட்டேன்.

மலர்விழி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்த உத்தரவை நான் அன்றைக்கே எடுத்துவிட்டேன். எங்கே இருந்து வருகிறாய் என்று சர்வர் யாரையும் கேட்பதில்லை. சாவி இருந்தால் சரி. மாமாவும் மலையிலிருந்து தினமும் பேத்தியைப் பார்க்கிறார். ஆனால் என்னிடம் பேச வேண்டுமென்றால் மட்டும் போனில்தான் கூப்பிடுவார். நான் எடுத்ததும், அவர் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பை அடக்கும் சத்தம் முதலில் கேட்கும். பிறகு அவர் குரல், ரொம்பப் பணிவாக:

"கேரளாவுல இருந்து பேசுறேன் தாயி. உள்ள வரலாமா?"