உறவில்லாத ஒன்பது பேர்

மாலை நாலே முக்கால். ஏழு மணிக்குப் பாட்டுப் போட்டி.

விஸ்டின் நடுவர் பட்டியலை வானொலி நிலையத்துக் கேன்டீன் மேசையில் விரித்து இன்னொரு தரம் படித்தான். பத்துப் பாடகர்கள், ஒன்பது நடுவர்கள். ஒருவர் குடும்பப் பெயரும் இன்னொருவருடையதோடு ஒட்டவில்லை. மூன்று வாரம் சலித்து எடுத்த பட்டியல்.

டீ கொண்டுவந்த ஜூஸா, கிளாஸைப் பட்டியலின் மேலேயே வைத்தாள்.

"மூணாவது ஆளை எடுத்துடு."

"ஏன்க்கா? நோட்டரி தபோனே. பாடறவங்கள்ல தபோனே யாருமே இல்லையே."

"தபோனேன்னு கவர்மெண்டுதான் கூப்பிடும். ஊர்ல அந்தக் குடும்பத்துக்கு 'ஈரச் சாக்கு'ன்னு பேர். ரெண்டாவதாப் பாடற பையனோட அம்மாவும் ஈரச் சாக்குதான். இவரு தாய்மாமன்டா."

விஸ்டின் டீ கிளாஸைத் தள்ளிவைத்தான்.

மால்டாவில் குடும்பப் பெயர் தபால்காரருக்காக இருக்கிறது. உறவு முழுக்கப் பட்டப்பெயரில். அது எந்தக் காகிதத்திலும் ஏறுவதில்லை. பதினேழு வயதில் அலுவலகத்துக்குள் நுழைந்த விஸ்டின் காகிதத்தையே நம்பிப் பழகிவிட்டான்.

போன வருஷம் நடுவர்களில் ஒருவர், ஜெயித்த பெண்ணின் ஞானத்தகப்பன் என்று மறுநாள் தெரியவந்தது. அவள் ஊரின் இரண்டு பேண்டு சங்கங்களும் தெருவில் இறங்கி மோதிக்கொண்டன. ஒரு பெரிய டிரம் கிழிந்தது. இங்கே ஜெயிக்கும் பாட்டுதான் ஐரோப்பியப் போட்டிக்குப் போகும்; அந்த முறை நாடு பாட்டே அனுப்பவில்லை.

ஐரோப்பியப் போட்டி வானொலியில் வரும் மே மாதத்துச் சனிக்கிழமையை விஸ்டின் மறக்கவில்லை. அவன் சின்ன வயதில், நம் பாட்டு வரும் நேரம் தெருவில் எல்லா ஜன்னல்களும் திறந்திருக்கும். எல்லா வீட்டிலும் ஒரே நிலையம். தெருமுனையில் பாட்டு ஆரம்பித்தால், கேட்டபடியே துறைமுகப் படிக்கட்டு வரை நடந்து போகலாம். ஒரு வரிகூட விட்டுப்போகாது. மதிப்பெண்ணில் நம் பாட்டு கடைசியாகத்தான் வரும். அதனால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை. அடுத்த வாரம் முழுக்க ரொட்டி வண்டிக்காரர் அதையே சீட்டியடிப்பார்.

போன வருஷம் ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

இந்த வருஷம் நிலையத்து டைரக்டர் உத்தரவை எழுதியே கொடுத்துவிட்டார். இந்தப் போட்டியில் தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று ஒன்பது நடுவர்களும் கையெழுத்திட வேண்டும். அந்தக் காகிதம் இன்றைக்கே ஐரோப்பியப் போட்டிக்காரர்களுக்கு டெலக்ஸில் போக வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் பாட்டு கிடையாது.

விஸ்டின் நோட்டரியின் பெயரை அடித்துவிட்டு, மருந்துக்கடை ஷ்வெரெப்பைப் போனில் பிடித்தான். அவர் ஐந்து மணிக்குக் கோட்டும் டையுமாக வந்து சேர்ந்தார். ஜூஸா கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

"இவரு நோட்டரியோட மச்சான்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா!"

"நீ கேட்டியா?"

இனி ஒவ்வொருவராகத் தோண்டிக்கொண்டிருக்க நேரமில்லை. விஸ்டின் மருந்துக்கடைக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு, மற்ற எட்டுப் பேரையும் கேன்டீனில் உட்காரவைத்தான். மனசாட்சிப்படி நீங்களே சொல்லிவிடுங்கள் என்றான். அதுதான் அவன் செய்த பெரிய தப்பு. அதுவரை ஒரு இடம்தான் காலி.

முதலில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை எழுந்தார். "அஞ்சாவதாப் பாடறவ என் தங்கச்சி மக. ஆனா அவங்க வீட்டோட பதினோரு வருஷமாப் பேச்சு இல்லை."

"அப்படின்னா நீங்க அவளுக்கு ஓட்டுப் போட மாட்டீங்க?"

"போடுவேனா?"

"இந்தப் பக்கம் வந்துடுங்க டீச்சர்."

அடுத்து பாதிரியார். "எனக்குக் குடும்பம் கிடையாது. ஆனா இந்தப் பத்துல ஆறு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது நான்தான். அது சம்பந்தமா, இல்லையா?"

"ஃபாதர், நீங்களே சொல்லுங்க."

"நானா? பிஷப்பைத்தான் கேக்கணும்."

பிஷப் கோசோ தீவுக்குப் போயிருந்தார். பாதிரியாரும் எழுந்தார். பாதிரியாரே எழுந்ததைப் பார்த்து இன்னும் இரண்டு பேருக்கு மனசாட்சி உறுத்தியது. ஐந்தரை மணிக்கு விஸ்டினிடம் மிச்சம் நாலு நடுவர்கள்.

"வெளிநாட்டுக்காரங்களைப் பிடி" என்றார் டைரக்டர். "அவங்களுக்கு இங்க யார் இருக்கா?"

துறைமுகத்தில் ஒரு போலந்துக் கப்பல் ரிப்பேருக்காக நின்றிருந்தது. விஸ்டின் வேனை அனுப்பினான். ஆறு மணிக்கு ஐந்து மாலுமிகள் தலைசீவி, சோப்பு வாசனையோடு வந்து இறங்கினார்கள். நாலும் ஐந்தும் ஒன்பது. விஸ்டின் அன்றைக்கு முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

ஐந்தாவது மாலுமி மேடைப் பக்கம் பார்த்துக் கையசைத்தான். எட்டாவதாகப் பாட வேண்டிய பெண்ணின் அக்கா, அங்கிருந்து திரும்பக் கையசைத்தாள்.

"யாரது?" என்றான் விஸ்டின்.

"நான் கட்டிக்கப்போற பொண்ணு."

"கப்பல் வந்து மூணு வாரம்தானேய்யா ஆச்சு!"

"ரிப்பேர் ரொம்ப மெதுவா நடக்குது சார்."

அவனையும் எழுப்பினார்கள். ஆறு முப்பத்தைந்து. எட்டுப் பேர். டைரக்டர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மேடையில் யாரோ ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார்கள். விஸ்டின் தலைநிமிர்ந்தான். பியானோவுக்குச் சுருதி கூட்டும் ஸ்பிரு.

ஸ்பிருவை அறுபது வருஷத்துக்கு முன்னால் கன்னியாஸ்திரிகள் மடத்துப் படியில் கண்டெடுத்தார்கள். மால்டாவில் பட்டப்பெயர் இல்லாத ஒரே மனிதர். விஸ்டின் மேடைக்கு ஓடினான்.

"ஸ்பிரு அண்ணே, உங்களுக்கு இந்தத் தீவுல சொந்தக்காரங்க யாராவது உண்டா?"

"தெரிஞ்சா எனக்கும் சொல்லு."

"பாடற பத்துப் பேர்ல யாருக்காவது ஞானத்தகப்பன், கீனத்தகப்பன்?"

"என்னை யார் கூப்பிடப்போறா? ஆனா விஸ்டின், ஒரு விஷயம்..."

"விஷயம் அப்புறம். கோட்டைப் போடுங்க."

"அதில்லப்பா..."

"அண்ணே, நாட்டோட மானம்!"

ஜூஸா, கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்பிருவை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "சுத்தம்" என்றாள். "முப்பது வருஷமாத் தேடறேன். இந்த ஆளுக்கு ஒரு சித்தப்பாகூடக் கிடைக்கலை."

ஏழு மணிக்கு விளக்குகள் எரிந்தன.

முதல் பாட்டு, பாடியவரின் மாமா எழுதியது என்று அறிவித்தார்கள். இரண்டாவது, ஒரு பேண்டு மாஸ்டர். மூன்றாவது, பாடகனின் அண்ணன். விஸ்டின் திரைக்குப் பின்னால் நின்று கேட்டான். மூன்றாவது பாட்டில் அவனுக்குத் துறைமுகப் படிக்கட்டு ஞாபகம் வந்தது. நாலாவதில், ஜன்னலோரம் ரொட்டி அறுக்கும் அம்மா. ஏழாவதாக லிலியானா என்ற பெண் பாடியபோது, அந்தத் தெருவே திறந்த ஜன்னல்களோடு வந்து நின்றது. அவன் கண்ணைத் துடைத்தான். எட்டாவதிலும் துடைத்தான். தனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

ஓட்டெடுப்பு. மூன்றாவது பாட்டுக்கு நாலு. ஏழாவதுக்கு நாலு.

மிச்சம் ஸ்பிரு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"எல்லாமே நல்லாத்தான் இருந்தது" என்றார்.

"ஒண்ணுதான் சொல்லணும் அண்ணே" என்றான் விஸ்டின், திரைக்குப் பின்னாலிருந்து.

"அப்ப ஏழு."

அரங்கம் எழுந்தது. விஸ்டின் கலவரத்துக்குக் காத்திருந்தான். வரவில்லை. தோற்ற ஒன்பது பேரின் குடும்பங்களும் நடுவர்களின் பூர்வீகத்தை ஜூஸாவிடம் வந்து விசாரித்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பின. போன வருஷம் டிரம்மைக் கிழித்த சங்கத் தலைவர், கிழிபட்ட டிரம்முக்குச் சொந்தக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். டைரக்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

கேன்டீன் ஜன்னலை ஜூஸா தள்ளித் திறந்தாள். கீழே தெருவில் அதற்குள் யாரோ ஏழாவது பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்து இன்னொருவர் அடுத்த வரியை எடுத்தார்.

டெலக்ஸ்காரர் வாசலில் வந்து தொண்டையைச் செருமினார். விஸ்டின் காகிதத்தை மேசையில் வைத்தான். எட்டுப் பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். அதில் நாலு, யாராலும் படிக்க முடியாத போலந்துக் கையெழுத்து. ஒன்பதாவது கோடு காலி.

"ஒரே ஒரு கையெழுத்து அண்ணே. உங்க புண்ணியத்துல இந்த வருஷமாவது யாரும் ஒரு குத்தமும் சொல்ல முடியாது."

ஸ்பிரு காகிதத்தை விளக்கருகே கொண்டுபோய் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். பேனாவைத் திறந்தார். மூடினார்.

"பத்துப் பேரும் தனித்தனியா வந்து, யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு கெஞ்சி வாங்கிட்டுப் போனாங்க, விஸ்டின். பத்துப் பாட்டுமே நான் எழுதினதுதான். இப்ப எந்த இடத்துலப்பா கையெழுத்துப் போடணும்?"