என் ரத்தத்தில் குடியிருந்தவர்கள்

என் மனைவியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி என்னைக் காட்டி ஒரு நர்ஸிடம் கோள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், இவர் பக்கத்துல காந்தம் எதையும் கொண்டு போயிடாதீங்க. இவருக்குள்ள கோடி பேர் குடியிருக்காங்க. எல்லாரும் ஒரே பக்கமா ஓடிடுவாங்க."

புது நர்ஸ். திருதிருவென்று விழித்தாள். என் மனைவி சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "கீழ போய் டீ குடிச்சிட்டு வரேன்" என்று நழுவினேன்.

"போங்க, போங்க. உள்ள இருக்கிறவங்களுக்கும் சேர்த்துக் குடிங்க!"

குடித்துவிட்டு வந்தேன். அதற்குள் அவள் போய்விட்டிருந்தாள்.

அவள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான். பிரியும் நேரத்தில் மற்றவர்கள் என்னென்னவோ உருக்கமாகப் பேசிக்கொள்வதாகக் கேள்வி. எனக்கு இது வாய்த்தது. குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த நர்ஸ் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாள் என்ற கவலை மட்டும் இன்னும் இருக்கிறது. ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பிறர் லிஃப்டுக்குள் நின்று போவார்கள். நான் அதன் தலைமேல் நின்று போவேன். லிஃப்ட் ஏறி இறங்கும் இருட்டுக் கூண்டில், இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு சட்டத்தின் ஓரத்தில் காலை ஊன்றி வேலை பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் தலை இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். கால் வேண்டும்.

அந்தக் காலுக்குத்தான் ஆபத்து வந்தது. பெருவிரலில் ஒரு சின்னக் காயம். ஆறவில்லை. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சர்க்கரை எகிறிக் கிடக்கு. இப்படியே விட்டீங்கன்னா விரலை எடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் அது விரலோட நிக்காது" என்றார்.

நான் பயந்தது அரை நாள். என் மனைவி பயந்தது அதற்குப் பின் வந்த எல்லா நாளும். வீட்டில் சர்க்கரை டப்பா மாயமாயிற்று. நான் வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே நிறுத்தி, "ஊதுங்க" என்பாள். ஊத வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவனைப் போலீஸ்காரர் பிடிப்பது போல, கிரீம் பன் தின்றுவிட்டு வரும் கணவனை அவள் பிடிப்பாள்.

கிரீம் பன் என் பலவீனம். எங்கள் தெரு முனையில் ஒரு பேக்கரி. அதன் முதலாளி, உப்பிய பன்னைப் போலவே இருப்பார். சாயங்காலம் அவர் அடுப்பைத் திறக்கும்போது வருகிற வாசனைக்கு, என் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். புண் இருக்கிற கால்தான் முதலில் திரும்பும்.

ஒரு நாள் காயத்துக்கு மருந்து கட்டிக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கூட்டம். காத்திருக்கும் இடத்தில் ஒரு அறிவியல் பத்திரிகை கிடந்தது. எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு குறைவு. கையில் கிடைப்பதைப் படித்துப் படித்துத் தேறியவன். எடுத்துப் புரட்டினேன். 'உடலுக்குள் நானோ ரோபோக்கள்' என்று ஒரு கட்டுரை.

அசந்துபோனேன். கண்ணுக்கே தெரியாத இயந்திரங்களாம். ஊசி வழியாக ரத்தத்தில் இறக்கிவிடுவார்களாம். அவை குழாய் குழாயாகச் சுற்றி, நோய் இருக்கிற இடத்தில் மட்டும் மருந்தை இறக்கிவிட்டு, மற்ற இடத்தைத் தொந்தரவு செய்யாமல் வருமாம். ரத்தம் கட்டியிருந்தால் கரைக்குமாம். வெளியே காந்தத்தை வைத்து அவற்றை இப்படி அப்படித் திருப்பலாமாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. லிஃப்ட்தான்! உடம்பு ஒரு பெரிய கட்டடம். ரத்தக்குழாய்தான் கூண்டு. எந்த மாடியில் பழுதோ அந்த மாடியில் மட்டும் மெக்கானிக் இறங்குகிறான்.

அதற்கடுத்து ஒரு வரி வந்தது. ரத்தத்தில் உள்ள சர்க்கரையையே எரிபொருளாக்கி இவற்றை ஓட்ட முடியுமா என்றும் ஆராய்ந்து வருகிறார்களாம்.

பத்திரிகையை மூடினேன். கண்ணையும் மூடினேன். கிரீம் பன் தெரிந்தது.

இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் இருக்கிறது, நமக்கு வர வருஷங்கள் ஆகலாம் என்று கட்டுரையின் கடைசியில் போட்டிருந்தது. அந்தப் பகுதியை நான் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

என் மனைவி தையல்காரி. நான் போனபோது மிஷினில் ஒரு வெள்ளைச் சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு எனக்கு ஒரு ஊசி போட்டாங்க" என்றேன்.

"போடட்டும். நல்லதுதானே."

"சாதாரண ஊசி இல்ல. உள்ள ரோபோ இருக்கு."

மிஷின் நின்றது. "என்ன இருக்கு?"

விளக்கினேன். அரை மணி நேரம். கட்டுரை எழுதியவர் கேட்டிருந்தால் எனக்குக் கை கொடுத்திருப்பார். அவள் வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"எத்தனை பேர் உள்ள போயிருக்காங்க?"

"ஒரு கோடி இருக்கும்."

"கோடியா! உங்க லிஃப்டுல எத்தனை பேர் ஏறலாம்னு எழுதி ஒட்டுவீங்களே. உங்க மேல ஒண்ணும் ஒட்டலையா?"

"அதுங்க ரொம்பச் சின்னது."

"ஆணா, பொண்ணா?"

"மெஷின்டி அது!"

"சரி, கோவப்படாதீங்க. வேலை முடிஞ்சதும் எந்த வழியா வெளிய வருவாங்க?"

அதைக் கட்டுரையில் தெளிவாகச் சொல்லவில்லை. நான் வெட்கப்பட்டேன். அவள் புரிந்துகொண்டதுபோல் தலையாட்டினாள்.

இப்போதுதான் நான் காயை நகர்த்தினேன். "ஒரே ஒரு சிக்கல். அதுங்க சர்க்கரையிலதான் ஓடும். தினமும் கொஞ்சம் இனிப்பு உள்ள போகலைன்னா நின்னுடும். ரத்தக்குழாய் நடுவுல ஒரு கோடி மெஷின் நின்னா என்ன ஆகும்? யோசிச்சுப் பாரு."

பெரிய சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவளோ தாவாங்கட்டையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ பாவம், வந்தவங்களைப் பட்டினி போடலாமா?" என்றாள். "தினம் ஒரு கிரீம் பன் தின்னுக்கோங்க. ஆனா நம்ம தெரு முனைக் கடையில மட்டும். அங்கதான் சுத்தமா இருக்கும். அடுத்த வாரத்துலேர்ந்து ஆரம்பிங்க. நானும் கொஞ்சம் தயார் பண்ணணும்."

என்ன தயார் பண்ண வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. ஜெயித்தவன் கேள்வி கேட்கமாட்டான்.

அடுத்த வாரம் பேக்கரியில் ராஜாவைப்போல் உட்கார்ந்தேன். முதலாளி ஒரு தனித் தட்டில் பன் கொண்டுவந்து வைத்தார். கடித்தேன். கண்ணில் நீர் வந்தது. "அண்ணே, உங்க கைப்பக்குவம் வேற யாருக்கு வரும்!" என்றேன். அவர் ஏனோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தால் மேசையில் ஒரு தம்ளர் பச்சையாக நின்றது.

"என்னடி இது?"

"பாகற்காய்ச் சாறு. மெஷினுக்கு எண்ணெய் போட வேண்டாமா? நீங்கதானே சொல்வீங்க, எண்ணெய் போடாம எதுவும் ஓடாதுன்னு."

மறுக்க முடியுமா? மறுத்தால் ரோபோ இல்லை என்றாகும். ரோபோ இல்லையென்றால் பன் இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

மறுநாள் விடிந்ததும் உலுக்கினாள். "எழுந்திருங்க, நடக்கப் போகலாம்."

"எதுக்கு?"

"மெஷின் ஒரே இடத்துல நின்னா துரு பிடிக்கும். நாலு தெரு ஓட்டிட்டு வாங்க."

அப்புறம் மாத்திரை. நான் அதை மறப்பதில் கெட்டிக்காரன். இப்போது மறக்க முடியவில்லை. "வேலை வாங்குறோம், கூலி குடுக்க வேண்டாமா?" என்று உள்ளங்கையில் வைத்து அழுத்துவாள். ராத்திரி சாப்பாட்டைப் பாதியாக்கினாள். "நீங்க அள்ளிப் போட்டா அதுங்க வழி தெரியாம முட்டிக்கும்." தினமும் என் காலைத் தன் மடியில் வைத்து, கழுவித் துடைத்து, விரல் விரலாகப் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே என் காலோடு பேசுவாள்.

"ஏம்ப்பா, பெருவிரல் பக்கம் யாரு டியூட்டி? கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க ராசா. இவரு நின்னுதான் சம்பாதிக்கணும்."

சொல்லும்போது சிரிப்பாள். ஆனால் விரலைத் தடவும் கை சிரிக்காது.

காயம் ஆறத் தொடங்கியது. முதலில் நான் நம்பவில்லை. பிறகு முழுக்க ஆறிவிட்டது. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் அறிக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அறிக்கையைப் பார்த்தார். "பிரமாதம். என்ன பண்றீங்களோ அதையே பண்ணுங்க" என்றார்.

நான் என்ன பண்ணினேன்? தினம் ஒரு கிரீம் பன் தின்றேன். அதற்குச் சர்க்கரை ஏற வேண்டும். இறங்குகிறது! லிஃப்டில் மேலே போகிற பொத்தானை அழுத்தியும் அது கீழே போனால், உள்ளே யாரோ வேலை பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

இங்கேதான் எனக்குப் புத்தி பிசகியது. அன்று எனக்கு ஒரு ஊசி போட்டது நிஜம். காயத்துக்கென்றுதான் போட்டார்கள். ஆனால் ஒருவேளை ஆராய்ச்சிக்காரர்கள் என்னிடம் சொல்லாமல்...? எனக்கு ரத்தத்தில் குறுகுறுப்பு தெரிய ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் உள்ளே கூட்டமாக யாரோ ஏறுவது போலிருந்தது. தும்மல் வந்தால் பொத்திக்கொள்வேன், பத்து இருபது பேர் வெளியே விழுந்துவிடப் போகிறார்கள் என்று.

என் மனைவி, கீழே சிதறும் குண்டூசிகளைப் பொறுக்க ஒரு லாடக் காந்தம் வைத்திருந்தாள். ஒரு நாள் அதோடு என் நாற்காலிப் பக்கம் குனிந்தாள். நான் துள்ளி எழுந்து கட்டில் மேல் ஏறிவிட்டேன்.

"என்னாச்சு?"

"அந்தக் காந்தத்தை அப்பால கொண்டு போ!"

"ஏன்?"

"அதுங்க... திசை மாறிடும்."

அவள் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பொழுது விடிவதுபோல் ஏதோ பரவியது. "அட கடவுளே, நீங்க நம்புறீங்களா!" என்றவள், காந்தத்தை நீட்டிக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்தாள். "இறங்குங்க! எல்லாரையும் ஒரு ஓரமாக் கூட்டித் தள்ளிடறேன்!" நான் ஓட, அவள் துரத்த, அளவு கொடுக்க வந்த ஒரு பெண் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணை அடையாளம் தெரிந்தது. எனக்கு அன்று ஊசி போட்ட நர்ஸ்.

"சிஸ்டர்!" என்று அவளிடம் தஞ்சம் புகுந்தேன். "நீங்களே சொல்லுங்க. அன்னைக்குப் போட்ட ஊசியில என்ன இருந்தது?"

"டெட்டனஸ்" என்றாள். "அக்கா மறுநாளே வந்து கேட்டுட்டாங்களே. உங்ககிட்ட சொல்லலையா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மனைவி ஆறு வருஷமாகத் தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டைகளெல்லாம் அந்த ஆஸ்பத்திரி நர்ஸுகளின் சீருடை. தினமும் கண்ணால் பார்த்தும், எந்த ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லிப் பொய் சொல்லக்கூடாது என்று தெரியாத ஒரே கணவன் நான்தான்.

"அப்போ பன்?" என்றேன்.

"எந்தப் பன்?" என்றாள் மனைவி. பிறகு, "ஓ, அதுவா? தவிட்டு மாவு. கிரீம்ல சர்க்கரை கிடையாது, சர்க்கரைக்காரங்களுக்குன்னு இருக்கே ஒரு பொடி, அது. ஒரு வாரம் பேக்கரிக்காரரோட கடையில நின்னு அவரைப் பழக்கினேன். முதல் நாலு தடவை கல்லு மாதிரி வந்துச்சு. அஞ்சாவதைத்தான் நீங்க தின்னுட்டு அழுதீங்களாம்."

"என்னை ஏமாத்திட்டே."

"நானா? நீங்க சொன்னதை அப்படியே நம்பினேன். எந்தப் பொண்டாட்டி இவ்வளவு நம்புவா?"

நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அளவு கொடுக்க முடியாமல் நாளை வருகிறேன் என்று போய்விட்டாள். அவள் போனதும் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்த மாதிரி நிஜமாவே வருமா?"

"வரும்னுதான் போட்டிருக்கான். நாளாகும்."

"வந்தா முதல் ஆளா உங்களைக் கூட்டிட்டுப் போய் நிப்பேன். உங்க பின்னாடி ஓடி ஓடி எனக்கு மூச்சு வாங்குது. ஒரு கோடி பேர் கூட இருந்தா நான் கொஞ்சம் உக்காருவேன்."

அவை வருவதற்குள் அவள் போய்விட்டாள். மூளைக்குப் போகும் குழாயில் ஒரு சின்ன ரத்தக்கட்டு. அந்தக் கட்டுரையில் எழுதியிருந்த வேலைதான், அந்த மாடியில் ஒரு மெக்கானிக் இறங்கியிருந்தால் போதும். இப்போதும் அந்த ஆராய்ச்சி பற்றி எங்கே அச்சானாலும் தேடிப் படிக்கிறேன். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறதாம். யாருடைய மனைவிக்கோ உதவும். சந்தோஷமாக இருக்கிறது.

எல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து, இனி என்னை ஊதச் சொல்ல ஆளில்லை என்று ஒரு சாயங்காலம் தோன்றியது. துக்கத்தோடு துணிச்சலும் வந்தது. பேக்கரிக்குப் போனேன்.

"அண்ணே, சர்க்கரை போட்ட அசல் கிரீம் பன் ஒண்ணு குடுங்க."

முதலாளி தனித் தட்டை எடுத்தார். "இதுதான் உங்களுக்கு. அக்கா சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"அவ போயிட்டாளே அண்ணே."

"அதனாலதான்."

கோபித்துக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போனேன். அங்கே கல்லாவில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்ததுமே கண்ணாடி அலமாரியைச் சாத்தினாள். சந்தைப் பக்கத்துக் கடையில், "உள்ள எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டுச் சர்க்கரையில்லாத பிஸ்கட்டை நீட்டினார்கள். அங்கே மாட்டியிருந்த சமையல் அங்கியைப் பார்த்தேன். தையல் யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

நடந்து போகிற தூரத்தில் எனக்குச் சர்க்கரை விற்கிற கடை இன்றுவரை ஒன்றுகூட இல்லை.