டொக்கு அண்ணனின் ஜீப்பும் ரோசாலி அக்காவின் கடலும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இரும்போடு பேசத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் டொக்கு அண்ணன். ஞானஸ்நானம் கொடுத்தபோது சாமியார் வேறு ஏதோ பெயர்தான் வைத்திருப்பார். அது கோயில் பதிவேட்டில் பத்திரமாக இருக்கட்டும். சுங்கை லாலாங் பக்கம் எங்கள் தோட்டத்தில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி ஆளே இங்க இல்லலா" என்று உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிள்ளைகளே, இது நீங்கள் பிறப்பதற்கு முன்பு நடந்தது. டொக்கு அண்ணன் தோட்டத்து டிராக்டர் ஓட்டி. ரப்பர் பால் நிறைந்த டாங்கியை இழுத்துக்கொண்டு போவது அவர் வேலை. அவர் கால்சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். எந்த இரும்பைக் கண்டாலும் தட்டுவார், காதை வைப்பார். நல்ல இரும்பு 'டிங்' என்று சொல்லுமாம். உள்ளே துரு தின்ற இரும்பு 'டொக்' என்று சொல்லுமாம்.

ஒருநாள் பூசை நடந்துகொண்டிருக்கிறது. சாமியார் உருக்கமாகப் பிரசங்கம் செய்கிறார். பின்வரிசையில் 'டொக்' என்று ஒரு சத்தம். சாமியார் நிறுத்திவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். டொக்கு அண்ணன் எழுந்து நின்றார்.

"சன்னல் கம்பி ஃபாதர். அடியில போயிடுச்சு. நீங்க பேசுங்க."

இன்னொரு நாள் பக்கத்து வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் சைக்கிளைத் தட்டிப் பார்த்தார். "மாப்புள்ள நல்லாத்தான் இருக்காரு. சைக்கிளுக்குத்தான் ஆயுசு ஒரு மாசம்" என்றார். மூன்றாம் வாரம் மாப்பிள்ளை, கையில் ஹேண்டிலை மட்டும் பிடித்தபடி, ஸ்டோர் முன்னால் இருந்த கால்வாய்க்குள் போய்ச் சேர்ந்தார். ஸ்டோர் என்றால் பாலை உறைய வைத்து ஷீட் போடும் இடம். அன்று முதல் மாப்பிள்ளை வீட்டார் சைக்கிள்களைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள்.

அந்த ஸ்டோருக்குப் பின்னால்தான் ஜீப் கிடந்தது. வெள்ளைக்காரத் துரைமார் மலைக்காடு சுற்றிய வண்டி. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கக்கூடியது. ஆனால் நாங்கள் பார்த்தபோது நான்கு சக்கரத்தையும் கொடி பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஓட்டுபவர் இருக்கையில் ஒரு கோழி அடை காத்தது. "வேண்டியவன் எடுத்துட்டுப் போகலாம்" என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். டொக்கு அண்ணன் ஒரு மத்தியானம் முழுவதும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டினார். டொக், டொக், டொக். கோழி எழுந்து போய்விட்டது. பொழுது சாயும் நேரத்தில் எஞ்சின் பக்கமிருந்து ஒரே ஒரு டிங்.

"கேட்டியா தம்பி?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். "உசுரு இருக்கு!"

டிராக்டரில் கட்டி இழுத்து வந்து, தம் வீட்டுப் பக்கத்தில் நிறுத்தினார். அது ரோசாலி அக்கா ஆசையாக வளர்த்த கங்கோங் கீரைப் பாத்தி. அக்கா கையில் அகப்பையோடு ஓடி வந்தார்.

"ஏங்க, என் கங்கோங் மேல என்னத்தக் கொண்டாந்து வக்கிறீங்க?"

"ஜீப்பு புள்ள."

"இதா ஜீப்பு? ஜீப்போட எலும்புக்கூடுலா இது!"

"ஓடும் புள்ள. ஓடுற அன்னிக்கு ஒன்ன முன்னாடி ஒக்கார வச்சு தஞ்சோங் டாவாய்க்குக் கூட்டிட்டுப் போறேன். கடலப் பாக்கலாம்."

அக்கா சிடாம் கிரி தோட்டத்தில் பிறந்தவர். எந்தப் பக்கம் பார்த்தாலும் ரப்பர் மரம். ஒரு மணி நேரம் போனால் கடல். ஆனாலும் முப்பது வயதுவரை அதை அவர் பார்த்ததில்லை. நசுங்கிய கீரையைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அப்புறம் ஆறு வருஷம் ஓடியது. ஜீப் ஓடவில்லை.

ஒரு பக்கம் துருவைச் சுரண்டி முடித்தால் மறுபக்கம் பூத்துவிடும். எங்கள் ஊர் மழை அப்படி. கதவுக்குத் தகரம், கூரைக்குப் பழைய பால் தட்டு என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டினார். அக்கா உட்காரும் பக்கத்துத் தரை முழுதாகப் போய்விட்டது. அதற்கு ரோட்டோரத்தில் விழுந்து கிடந்த ஓர் எச்சரிக்கைப் பலகையை வெட்டி வைத்தார். ஆகவே அக்காவின் காலடியில் சிவப்பு எழுத்தில் 'அவாஸ்' என்று இருந்தது. ஜாக்கிரதை என்று அர்த்தம். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கியர் பக்கத்திலிருந்த இரண்டாவது கம்பியை அண்ணன் காட்டுவார்.

"இதப் புடிச்சு இழுத்தா நாலு சக்கரமும் ஒண்ணா வேல செய்யும். மலையே ஏறும்."

"எந்த மலைண்ணே?"

"மொதல்ல வாசப்படி எறங்கட்டும்லா."

காலையில் தோட்டத்தில் பனி இறங்கும்போது, சக்கரங்களைக் கழற்றிக் கட்டை மேல் ஏற்றியிருந்த அந்த ஜீப் தண்ணீரில் மிதப்பதுபோல இருக்கும். பொழுது சாய்ந்ததும் ரோசாலி அக்கா அதற்குள் ஏறி உட்கார்ந்து நெத்திலி ஆய்வார். இலை உதிரும் காலத்தில் காற்று வந்தால் ரப்பர் மரங்கள் ஒன்றாகச் சலசலக்கும். அக்கா கண்ணை மூடிக்கொள்வார். "பேசாம இருங்க. அல சத்தம் கேக்குது" என்பார். மடியில் நெத்திலி வாசம். அந்த நேரத்தில் அவர் கடலுக்குப் பக்கத்தில்தான் இருந்தார் என்று நினைக்கிறேன்.

அப்போது எனக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. உங்கள் அம்மா கேட்டாள்: "ஏங்கா, பீடோங் போயி பஸ் ஏறுனா போயிட்டு வந்துறலாமே?"

"பஸ்ஸுல போனா என் கங்கோங்குக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் அக்கா.

ஆறாம் வருஷம் எஞ்சின் உயிர் பெற்றது. சக்கரம் மாட்டியாயிற்று. இனித் துரு பிடிக்கக்கூடாது என்று டொக்கு அண்ணன் ஒரு யோசனை செய்தார். உலகத்தில் வேறு எவருக்கும் வராத யோசனை. தோட்டத்துக்காரனுக்குத்தான் வரும். டாங்கியின் அடியில் மிஞ்சிய பாலை வாளியில் பிடித்து வந்து, ஜீப்பின் அடிப்பாகம் முழுவதும் தேங்காய் மட்டையால் பூசினார். அது கெட்டியாக வேண்டுமே! ஸ்டோரில் பாலை உறைய வைக்க ஊற்றும் ஆசிட்டைக் கொண்டுவந்து தெளித்தார்.

நான் பதறினேன். "அண்ணே, ஆசிட்டு இரும்பத் தின்னும்ணே!"

"ரொம்பவா ஊத்துனேன்? ரசத்துக்குப் போடுற உப்பு மாதிரி கொஞ்சூண்டுதான் தம்பி."

மறுநாள் ஜீப் ரப்பர் செருப்புப் போட்டதுபோல நின்றது. இரண்டாம் நாள் நாற ஆரம்பித்தது. உறைந்த பால் நாறினால் எப்படி இருக்கும் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியாது. அந்த ஜீப் சுங்கைப்பட்டாணி கடைத்தெருவுக்குள் நுழையும் முன்பே கடைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "டொக்கு வரான்" என்பார்கள். போகிற வழியில் சருகு, இறகு, பனியன் என்று எது கிடந்தாலும் அடியில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் பனியனைப் பிய்த்து, உரியவரைத் தேடிக் கொடுப்பது அண்ணனின் வழக்கம்.

ஒரே ஒரு குறை. ரப்பருக்கு மேல் தட்டினால் டிங்கும் இல்லை, டொக்கும் இல்லை. 'பொத்' என்றது. உள்ளே இரும்பு என்ன சொல்கிறது என்று அவருக்கே கேட்கவில்லை.

இப்போது ஜீப் ஓடுகிறது. கடல் எங்கே? அங்கேதான் சிக்கல். இரும்புக்குக் கடலைப்போல எதிரி கிடையாது. ஆறு வருஷம் துருவோடு சண்டை போட்டவர், வண்டியைக் கொண்டுபோய் உப்புக்காற்றில் நிறுத்துவாரா? முதல் ஞாயிறு மழை வரும் என்றார். அடுத்த ஞாயிறு பிரேக் சரியில்லை என்றார். ஒருமுறை உண்மையாகவே கிளம்பி மெர்போக் வரை போனார்கள். அங்கே வண்டியை நிறுத்தினார். பானட்டை விரலால் தடவி நாக்கில் வைத்தார்.

"உப்பு கரிக்குது புள்ள. இன்னிக்கு வேணாம்."

திரும்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் கடலைப் பற்றிக் கேட்கவே இல்லை. சாயங்காலத்தில் ஜீப்பில் ஏறி உட்காருவதும் நின்றுபோயிற்று. நெத்திலியை அடுப்படியிலேயே ஆய்ந்தார். காற்று வந்தது, மரங்கள் சலசலத்தன. அக்கா எழுந்து சன்னலைச் சாத்தினார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் டொக்கு அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். கையிலோ பையிலோ சுத்தியல் இல்லை. அதைப் பார்த்ததுமே எனக்குப் பயமாகிவிட்டது.

"தம்பி, அவ சோறு போடுறா, சிரிக்கிறா, எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். "ஆனா வீட்டுல சத்தம் மாறிப்போச்சுலா. டிங்குன்னு இருந்த எடத்துல டொக்குன்னு கேக்குது."

போக எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார்.

"நாளைக்குப் பூச முடிஞ்சதும் போறோம். நீங்க ரெண்டு பேரும் வாங்க. நான் பாதியில வண்டியத் திருப்புனா என் மண்டையில தட்டு."

போனோம். நானும் உங்கள் அம்மாவும் பின்னால். உங்கள் அம்மா மூக்கில் கைக்குட்டை. இடப்பக்கம் ஜெராய் மலை மேகத்தைப் போர்த்திக்கொண்டு கூடவே வந்தது. ரோடு வளைந்ததும் முன்னால் வந்து நின்றது. மெர்போக்கில் அண்ணனின் விரல் தானாகப் பானட் பக்கம் நீண்டது. நான் அவர் மண்டையைத் தொட்டேன். விரலை மடக்கிக்கொண்டார்.

மெர்போக் தாண்டி ஒரு பள்ளம். ஜீப் ஏறி இறங்கியது. 'பொத்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், நடுரோட்டில் கிடக்கிறது 'அவாஸ்'. ரப்பருக்கு உள்ளே ஆசிட்டு தன் வேலையைச் சத்தமில்லாமல் முடித்திருந்தது. அக்காவின் காலடியில் பெரிய ஓட்டை. ரோடு ஆறு மாதிரி ஓடுகிறது.

டொக்கு அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார். முகம் வெளுத்துவிட்டது. "புள்ள... திரும்பிடலாமா?"

அக்கா இரண்டு காலையும் தூக்கி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டார். "ஓட்டுங்க."

தஞ்சோங் டாவாயில் கருவாடு காயும் பரண்களுக்கு நடுவே போய், படகு இறக்கும் சரிவில் நின்றோம். முன்னால் கடல். மத்தியான வெயிலில் அது வெள்ளையாக, தகடு மாதிரி, முடிவே இல்லாமல் கிடந்தது. அக்கா இறங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் கொஞ்சம் கிட்டக்கப் போங்க" என்றார்.

அண்ணன் பெருமூச்சு விட்டு ஒரு முழம் நகர்த்தினார்.

"இன்னும்."

முன்சக்கரம் தண்ணீரில் இறங்கியது. வலை தைத்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் எழுந்து வந்தார். "பாங், கெரெத்தா மண்டிகா?" வண்டிக்குக் குளியலா என்று கேட்கிறார்.

"பினி மாவ் தெங்கோக் லாவுட்" என்றார் அண்ணன். மனைவி கடல் பார்க்கணும்.

மலாய்க்காரர் தலையாட்டினார். அது அவருக்கு நியாயமாகப் பட்டிருக்க வேண்டும்.

அப்போது ஓர் அலை வந்தது. ஜீப்புக்கு அடியில் புகுந்து, ஓட்டை வழியாகப் பொங்கி எழுந்தது. அக்கா டேஷ்போர்டிலிருந்து கால்களை மெதுவாக இறக்கி அதற்குள் வைத்தார்.

"ஏங்க! கடலு உள்ள வந்துருச்சுங்க!"

அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. டொக்கு அண்ணன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, தலையைச் சாய்த்து, இரும்பைக் கேட்பதுபோலவே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். துருவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீர் ஏற ஏற, ஜீப்பும் நாங்களும் மிதந்து எங்கோ போய்விடுவோம் என்று தோன்றியது. போனாலும் பரவாயில்லை என்றும் தோன்றியது.

வெயில் சாய்ந்த பிறகு, சேற்றில் பதிந்த வண்டியைக் கிளப்ப அந்த இரண்டாவது கம்பியைப் பிடித்து இழுத்தார். நான்கு சக்கரமும் ஒன்றாகப் பிடித்தன. ஜீப் கடலை விட்டு ஏறியது. அதுதான் அது ஏறிய ஒரே மலை.

மறுவாரமே ரப்பரையெல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு, மறுபடியும் தட்ட ஆரம்பித்தார். பானட்டை அடைத்தார், கதவை அடைத்தார், கூரையை அடைத்தார். பல வருஷம் கழித்து உங்களையும் அந்த ஜீப்பில் ஏற்றிச் சுற்றினார். "மாமா, இங்க ஏன் தரையே இல்ல?" என்று நீங்கள் கேட்டதும், அவர் திரும்பி அக்காவைப் பார்த்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

அந்த ஓர் ஓட்டையை மட்டும் அவர் கடைசிவரை அடைக்கவில்லை.